பொட்டு வைக்காமல் இறங்கக் கூடாது

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். கையில் செல்போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீயே சொன்னாய், "யம்மா, டி.வி.யில பேசுத மாதிரி பேசாத, சாதாரணமாப் பேசு" என்று. நான் சாதாரணமாகத்தான் பேசினேன். ஆனால் பதினேழு வருஷமாக மேடையிலும் மைக்குக்கு முன்னாலும் பேசிப் பேசி, துக்கமாக ஏதாவது சொல்ல வாயெடுத்தால் குரல் தானாகவே இறங்குகிறது, சரியான இடத்தில் கம்மிப் போகிறது. என்னால் அதைத் தடுக்க முடியவில்லை. எழுத்துக்குக் குரல் கிடையாது. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று சின்ன வயதில் நீ கேலி செய்வாய். அந்தக் கோழிக் கிளறலுக்கு நடிக்கத் தெரியாது. அதனால் இதைப் பொறுமையாகப் படி.

உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. நாள் நெருங்க நெருங்க எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் போன் வருகிறது. முதலில் உன் பெரிய அத்தை. உன் அப்பாவின் அக்கா எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். "நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாத தாயி. மேடையில நீ நிக்காண்டாம். தாலி எடுத்துக் குடுக்கது, ஆரத்தி எடுக்கது எல்லாத்தையும் சின்னவ பாத்துக்கிடட்டும். நீ மண்டபத்துல எங்கனயாவது ஒக்காந்து கண்ணாரப் பாரு. பிள்ள நல்லா இருக்கணும்லா" என்றாள். சின்னவள் என்றால் உன் சித்தி. மறுநாள் உன் மாமியாராகப் போகிறவர் கயத்தாற்றிலிருந்து கூப்பிட்டார். "மதினி, எங்க ஊர்ச்சனத்துல பாதிப்பேரு ஒங்களப் பாக்கத்தான் வாரோம்ங்காவ. நாடகத்துல வருவீயல்லா, அதே மாதிரி பெரிய பொட்டு வச்சு, தல நெறயப் பூ வச்சு, அந்தப் பச்சப் பட்டக் கட்டிட்டு வாங்க. மேடையில நிப்பாட்டி ஆளாளுக்குப் போட்டா எடுக்கணும்." நிஜத்தில் எனக்குப் பூவும் பொட்டும் இல்லை என்பது தெரியும்தானே என்று கேட்டேன். "டி.வி.காரவியளுக்கு அதெல்லாம் யாரு மதினி பாக்கா" என்று சிரித்தார். ஒருத்தி தூணுக்குப் பின்னால் போகச் சொல்கிறாள். இன்னொருத்தி வேஷம் கட்டி முன்னால் வரச் சொல்கிறாள். கதிரின் அம்மா எங்கே நிற்பாள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அதை நான் உன்னிடம் கேட்டேன். நீ "ஒன் இஷ்டம்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நடிக்கப் போன கதையை உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆளுக்கொன்று சொல்வார்கள். நடந்தது இதுதான். நீ இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பாவுக்கு விளாத்திகுளம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் மருந்தில் முக்குவதற்காகக் கட்டையில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆபீசுக்கு அடுத்த கொட்டகையில் ஒரு நாடகக் குழு பகலில் ஒத்திகை பார்க்கும். கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருந்தது. மூன்று மாதத்தில் ஆண் வசனம், பெண் வசனம், எந்த இடத்தில் ஆர்மோனியம் வரும் என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம். ஓட்டப்பிடாரத்துப் பக்கம் ஒரு கோவில் கொடைத் திருவிழாவுக்கு அவர்கள் நாடகம் போட வேண்டும், அம்மா வேஷம் கட்ட மதுரையிலிருந்து வர வேண்டிய அம்மாள் வரவில்லை. குழுவை நடத்தியவர் பஸ்ஸில் ஏறி உன் அப்பாவிடம் கெஞ்சியிருக்கிறார். "அண்ணாச்சி, ஒங்க வீட்டுக்காரவிய குச்சி அடுக்கிக்கிட்டே எங்க வசனத்த ஒப்பிக்காவளாம். நீங்க மனசு வைக்கணும்." அதற்கு உன் அப்பா டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "வாயி அவளுக்குத்தான இருக்கு, அவகிட்டப் போயிக் கேளும்" என்றாராம். எனக்கு இருபத்தாறு வயது. மகனாக நடித்தவருக்கு நாற்பதுக்கு மேல். அன்றைக்கு அவர் என் காலில் விழுந்து, "தாயே" என்று கதறியபோது எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டேன். ஊரே அதை அழுகை என்று நினைத்துக்கொண்டது. அப்படித்தான் எனக்கு நன்றாக அழுகிறவள் என்ற பெயர் வந்தது.

அதன் பிறகு இரண்டு வருஷம் கழித்து, கயத்தாற்றுக்குக் கிழக்கே கரிசல் காட்டில் படம் எடுக்க ஒரு கம்பெனி வந்து இறங்கியது. புருஷன் பிணத்தின் மேல் விழுந்து அழ ஒரு பெண் வேண்டும், அழுகை ஊர் அழுகையாக இருக்க வேண்டும் என்று தேடி என்னிடம் வந்தார்கள். வெள்ளைச் சேலை கட்ட வேண்டும், பொட்டை அழிக்க வேண்டும், வளையலை உடைக்க வேண்டும். புருஷன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது ஒருத்தி அதைச் செய்வாளா? எனக்கு ஆசை. உன் அப்பாவிடம் "கதாநாயகனுக்கு அக்கா வேஷம்" என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். தலை அலங்காரம் செய்ய மதுரைப் பக்கத்திலிருந்து சரோஜா அக்கா என்று ஒருத்தி வந்திருந்தாள். காட்சி முடிந்து நான் எழுந்து ஓடப் பார்த்தபோது கையைப் பிடித்து நிறுத்தினாள். "எங்க தாயி ஓடுற? பொட்டு வைக்காம தளத்தை விட்டு இறங்கக் கூடாது. அது வீட்டுக்கு ஆகாது. கட் சொன்னதும் முகத்தை என் பக்கம் திருப்பி நெத்தியக் காட்டு. நான் வச்சு விட்டப்புறம் கேமராவைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டு இறங்கு. அத்தோட அந்த அழுகை அங்கேயே செத்துப் போயிரும்" என்றாள். பிணமாகப் படுத்திருந்தவரையும் எழுப்பி உட்கார வைத்துச் சிரிக்கச் சொன்னார்கள். அவருக்குக் கொட்டாவிதான் வந்தது.

அந்தச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம், ஆளையே விடாது. வெள்ளைச் சேலையில் முழங்கால் வரை அப்பிக்கொண்டது. துவைத்துக் கொண்டுவா என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நான் அதைச் சுருட்டிப் பைக்குள் ஒளித்து வந்து, உன் அப்பா டூட்டிக்குப் போன பிறகு துவைத்துக் கொல்லைக் கொடியில் போட்டேன். கறை போகவில்லை. அதை இரண்டாந்தடவை அலச எடுப்பதற்குள் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் கொடியைப் பார்த்துவிட்டு அலறியடித்து ஓடி வந்தாள். "ஏட்டி, என்ன துட்டி? யாருக்கு என்னமும் ஆயிட்டா?" அந்த நேரம் பார்த்து உன் அப்பா சாப்பாட்டுக்கு வந்து நின்றார். சேலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்லத்தாயிடம் சொன்னார், "நாந்தாம்மா செத்தேன். துட்டிக்கு வந்தவ ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ."

அவள் போன பிறகு கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. ஆனால் நான் நினைத்த காரணத்துக்கு வரவில்லை. "வெள்ளச் சேல கட்டுனதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. எங்கிட்ட அக்கா வேசம்ன்னு சொன்னியே, என்னப் பாத்தா ஒனக்கு அம்புட்டுப் பயமா இருக்கா? நான் அப்படியா ஒன்ன வச்சிருக்கேன்?" என்று கேட்டார். அதைக் கேட்டுவிட்டு நாள் முழுக்கச் சோர்ந்து போய் இருந்தார். கதிர், நாளைக்கு உன் மனைவியும் உன்னிடம் ஏதாவது ஒன்றை மறைப்பாள். மறைக்காத பெண்டாட்டி கிடையாது. அப்போது அவள் என்ன மறைத்தாள் என்று துருவுவதற்கு முன்னால், உன்னைப் பார்த்து ஏன் பயந்தாள் என்று யோசி. உன் அப்பா அதைத்தான் செய்தார். சரோஜா அக்கா சொன்ன பொட்டு விஷயத்தை அவரிடம் சொன்னேன். "அங்கன அவ வைப்பா, இங்கன நான் வைக்க மாட்டனா" என்று சாமி படத்துக் குங்குமச் சிமிழை எடுத்து வந்து என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். கோணலாக வைத்தார். அதிலிருந்து எப்போதெல்லாம் வெள்ளைச் சேலை வேஷத்துக்குப் போய்த் திரும்பினேனோ, அப்போதெல்லாம் வாசலில் நான் நெற்றியைக் காட்டி நிற்பேன், அவர் பொட்டு வைப்பார். வைத்துவிட்டு, "செத்தவன் பொழச்சிட்டேன், சோத்தப் போடு" என்பார். நான் வருவது பெரும்பாலும் காலை பத்து மணி பஸ்ஸில். நீ பள்ளிக்கூடம் போயிருப்பாய். அதனால் இதை நீ பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

சினிமாவில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்த மாதிரி வேஷங்கள்தான். கதாநாயகியின் தோழிக்கு அம்மா, வில்லன் கொன்றவனின் பெண்டாட்டி, பஞ்சாயத்தில் மண்ணை வாரித் தூற்றுகிறவள். போஸ்டரில் முகம் வராது. எழுத்துப் போடும்போது ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அந்தக் கூட்டத்தில் என் பெயர் போகும். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. எங்களைப் போன்றவர்களின் முக்கிய வேலை பேசுவது கிடையாது, கேட்பது. கதாநாயகன் இரண்டு பக்கம் வசனம் பேசுவான். நாங்கள் ஓரத்தில் நின்று, அதை முதல் தடவை கேட்கிற மாதிரி ஏழாவது தடவையும் கேட்க வேண்டும். நாங்கள் சரியாகக் கேட்டால்தான் அவன் பேசுவது மெய்யாகும். கல்யாணம் செய்துகொள்கிறவனுக்கு நான் சொல்லத் தகுதியுள்ள புத்திமதி இது ஒன்றுதான். அவள் ஒரே கதையை ஏழாவது தடவை சொன்னாலும் முகத்தைப் பார்த்துக் கேள். செல்போனைக் கீழே வை.

என் தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். நீ ஆறாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி கிழிந்து வந்து நின்றாயே, அழாமல் இருக்க உதட்டைக் கடித்து, உதடு மட்டும் தனியாக ஆடியது. உன்னைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு படத்தில் அதை அப்படியே செய்தேன். தியேட்டரில் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையின் வலியைப் பார்த்துக் களவாடியவள் நான். மன்னித்துக்கொள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது.

நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா போனார். எட்டயபுரம் தாண்டிப் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை. நான் சென்னையில் படப்பிடிப்பில் இருந்தேன். "அங்க அவ வெள்ளச் சேலயக் கட்டி அழுதுக்கிட்டு இருக்கும்போதுதான் இங்க அவன் உயிர் போச்சு" என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. நீயும் அதை நம்பினாய் என்று உன் சித்தி பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் கட்டியிருந்தது சிவப்புச் சேலை, ஐயா. பக்கத்து வீட்டுக்காரி வேஷம். நெற்றியில் பொட்டும் தலையில் கனகாம்பரமும் இருந்தன. கதாநாயகியின் வளைகாப்பில் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருஷம் இதை நான் மறுத்துச் சொல்லவில்லை. எந்தச் சேலையாக இருந்தால் என்ன, நான் பக்கத்தில் இல்லை என்பது நிஜம்தானே என்று விட்டுவிட்டேன். அதுவும் தப்பு. பதினைந்து வயதுப் பிள்ளை தலையில் அப்படி ஒரு நினைப்பைச் சுமக்க விட்டிருக்கக் கூடாது.

இனிமேல் எழுதப் போவதைத்தான் நான் உன்னிடம் ஒன்பது வருஷமாகச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காலை. நடு வீட்டில் என்னை உட்கார வைத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். நீ வாசற்படியில் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றாய். பூவை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள், தாலியை வாங்கினார்கள், கடைசியில் உன் பெரிய அத்தை ஈரக் கையால் என் பொட்டை அழித்தாள். அழித்து முடித்ததும் நான் முகத்தை இடது பக்கம் திருப்பி, மோவாயைத் தூக்கி, நெற்றியைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. சுற்றி நின்றவர்களின் அழுகை நின்றுவிட்டது. "என்னட்டி செய்யுதா இவ?" என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் உன் குரல் கேட்டது. "யம்மா, இது ஷூட்டிங் இல்லம்மா."

கண்ணைத் திறந்தேன். நீ குடத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். அப்பா செத்த வீட்டிலும் இவள் நடிக்கிறாள், முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டாய். அங்கிருந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த மாதமே சித்தப்பா வீட்டில் இருந்து படிக்கிறேன் என்று போனாய், அதற்குப் பிறகு நீ விருந்தாளி மாதிரிதான் என்னிடம் வந்து போகிறாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நான் எதற்காக நெற்றியைக் காட்டினேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். பொட்டை அழித்தால் திருப்பி வைக்க ஓர் ஆள் வரும் என்று அந்த நெற்றிக்குப் பழக்கம். தளத்தில் சரோஜா அக்கா வருவாள், வீட்டு வாசலில் உன் அப்பா வருவார். இரண்டு பேரில் யாராவது ஒருவர் வந்துவிடுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். நடிப்பு முடிந்துவிட்டது, இனி பொட்டை வை என்று காட்டிய முகம் அது. யாரும் வைக்கவில்லை. நீ "ஷூட்டிங் இல்லம்மா" என்று சொன்ன பிறகுதான் உன் அப்பா செத்துப் போனது எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் அந்தப் பதினாறு நாளும் அவர் செத்தது எனக்குத் தெரியாது, கதிர். சத்தியமாகத் தெரியாது.

அதற்குப் பிறகு டி.வி. நாடகத்தில் மாமியார் வேஷம் வந்தது. புருஷன் இருந்தவரை எனக்கு வெள்ளைச் சேலையே கொடுத்தவர்கள், அவர் போன பிறகு பட்டும் பூவும் ரூபாய் அகலத்துக்குப் பொட்டும் கொடுத்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. தினமும் காலையில் மேக்கப்மேன் பொட்டு வைப்பார், கம்பெனித் தாலியைக் கழுத்தில் போடுவார்கள். சாயங்காலம் தாலியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு நானே பொட்டை அழிப்பேன். ஊரில் ஒரு தடவை அழித்ததை நான் வாரத்தில் ஆறு நாள் அழிக்கிறேன். பழகிவிட்டது என்று கேட்கிறவர்களிடம் சொல்வேன். பழகவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் உன் நிச்சயதார்த்தத்துக்கு வந்துவிட்டுத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு துட்டி கேட்கப் போனேன் அல்லவா, அப்போது பஸ்ஸில் குளத்தூர்க் கருவாட்டுக்காரம்மா ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, என் நாடகத்து மருமகளுக்காகச் சண்டைக்கு வந்தாள். "ஏம்மா, அந்தப் பச்சப் பிள்ளைக்கி ஒரு வாய் சோறு போட்டா நீ கொறஞ்சா போயிருவ? தாயில்லாத பிள்ளம்மா அது. ஒம் மவன் காதுல என்னத்தையும் ஓதி, அதுகள ஒண்ணா இருக்க விடுதியா நீ?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இனிமேல் போடுகிறேன் என்று சொன்னேன், வேறு என்ன சொல்வது. அப்படியும் விடாமல் திட்டிக்கொண்டு வந்தவள், ஓரிடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு என் வெறும் நெற்றியைப் பார்த்தாள். "எப்பம்மா?" என்று கேட்டாள். ஒன்பது வருஷம் ஆகிறது என்றேன். அவள் நெற்றியும் வெறும் நெற்றிதான். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு இறங்குகிற வரைக்கும் விடவில்லை. இறங்கும்போது மட்டும், "இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கிச் சோறு போடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொட்டும் பூவும் வைத்துக்கொண்டு உன் கல்யாண மேடையில் வந்து நிற்க எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு அந்த மாமியாராக வந்தால் உன் பெரிய அத்தையே பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வாள். ஆனால் அது கம்பெனிப் பொட்டு. அதை நான் சாயங்காலம் அழித்தாக வேண்டும். உன் கல்யாணத்துக்கு நான் வேஷம் கட்டி வர மாட்டேன், உன் மாமியாரிடமும் அதைச் சொல்லிவிட்டேன். தூணுக்குப் பின்னால் உட்காரவும் எனக்குச் சம்மதமில்லை, அதைப் பெரிய அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. உன் நல்லதுக்காகப் பயப்படுகிறாள். எனக்கும் அந்தப் பயம் ஒரு மூலையில் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். வெள்ளைச் சேலை கட்டியதால்தான் அவர் போனாரோ என்று நானே நினைத்த நாட்கள் உண்டு. ஆனால் தன் சாவைக் கொடியில் காயப் போட்டிருந்ததைப் பார்த்துக் காப்பி கொடுத்து அனுப்பியவர் உன் அப்பா. அவருடைய பெண்டாட்டி அவருடைய மகன் கல்யாணத்தில் ஒளிந்து உட்கார்ந்தால் அவருக்குப் பிடிக்காது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். "ஒன் இஷ்டம்" என்று மட்டும் என்னிடம் சொல்லாதே, உன் மனைவியிடமும் எந்தக் காலத்திலும் சொல்லாதே. வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். கல்யாணத்தன்று காலையில் மண்டபத்து மாடியில் முதல் அறையில் இருப்பேன். சாதாரணக் காப்பித்தூள் கலர்ச் சேலைதான் கட்டியிருப்பேன். உன் அப்பா வைத்திருந்த குங்குமச் சிமிழ், மூடி நெளிந்தது, அதை எடுத்து வைத்துவிட்டேன். உன்னை மேடைக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் உனக்கு மனம் இருந்தால் மாடிக்கு வா. மனம் இல்லாவிட்டால் வராதே, நான் பின்னால் போய் உட்கார்ந்து அட்சதை போடுகிறேன். அதற்காக உன்னிடம் முகத்தைத் தூக்க மாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.

வந்தால் நீ ஒன்றும் பேச வேண்டாம். நான் முகத்தை இடது பக்கம் திருப்பி நெற்றியைக் காட்டுவேன். கோணலாக வைத்தாலும் பரவாயில்லை.

உன் அம்மா